57க்கும் 67க்கும் நடுவே: பெண்கள் டேக்வாண்டோவில் இலகு எடை

கேள்வி: 9 ஆகஸ்ட் 2024

பாரிஸ் ஒலிம்பிக்கில் நேற்று நடந்த பெண்கள் 57 கிலோ இறுதிப் போட்டியைப் பார்த்தேன். தென்கொரியாவின் கிம் யூ-ஜின் 183 சென்டிமீட்டர் உயரம். முன்காலைத் தூக்கி நிறுத்தி, ஈரானின் நாஹித் கியானியை அருகில் வரவிடாமலேயே 5-1, 9-0 என்று இரண்டு சுற்றுகளில் முடித்துவிட்டார். உதை பட்டால் தானே புள்ளியைப் பதியும் மின்னணுக் கவசம் வந்த பிறகு, குறைந்த எடைப் பிரிவுகள் உயரமானவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டன. இதை மறுக்க முடியுமா?

9 ஆகஸ்ட் 2024, இரவு

பாதியை ஏற்கிறேன், பாதியை மறுக்கிறேன். உயரமானவர்களுக்குச் சாதகம் இருப்பது உண்மை. அதற்குக் கவசத்தைக் காரணம் சொல்வதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. கவசம் கட்டுவதற்கு முன்பே, எடை பார்க்கும் அறையிலேயே பெரும்பாலானவை முடிவாகிவிடுகின்றன.

உலகச் சாம்பியன்ஷிப்பில் பெண்களுக்கு எட்டு எடைப் பிரிவுகள் உள்ளன: 46, 49, 53, 57, 62, 67, 73 கிலோ, பிறகு 73க்கு மேல். ஒலிம்பிக்கில் நான்குதான்: 49, 57, 67, 67க்கு மேல். உலகச் சாம்பியன்ஷிப்பில் இலகு எடை என்ற பெயரைத் தாங்கி நிற்பது 62 கிலோப் பிரிவு. ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவே கிடையாது. இயல்பாக 61, 62 கிலோ இருக்கும் ஒரு பெண், ஒலிம்பிக்குக்குப் போக வேண்டுமானால் ஐந்து கிலோவை இறக்க வேண்டும், அல்லது தன்னைவிட ஐந்து கிலோ கூடுதலானவர்களோடு மோத வேண்டும். இறக்க முடிந்தவர்கள் யார் என்று பாருங்கள். நீண்ட எலும்பும் ஒல்லியான உடலும் உள்ளவர்கள்தான். குட்டையாகவும் தசைப்பிடிப்போடும் இருப்பவர் 62இலிருந்து 57க்கு வந்தால் காலில் வலுவே மிஞ்சாது. ஆகவே 57 கிலோ வளையத்தில் நாம் பார்க்கும் உயரம், ஏற்கெனவே சலித்து எடுக்கப்பட்ட உயரம்.

நேற்றைய இறுதிப் போட்டியே இதற்குச் சான்று. கியானி 2023இல் பாக்குவில் உலகச் சாம்பியன் ஆனது 53 கிலோவில். ஒலிம்பிக்கில் 53 இல்லாததால் மேலே வந்தவர் அவர். கீழிருந்து வந்தவரும், அந்த எடைக்கு மிக உயரமான ஒருவரும் எதிரெதிரே நின்றால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

10 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியதற்கு வலுவான எடுத்துக்காட்டு ஒன்றைச் சேர்க்கிறேன்.

2017இல் தென்கொரியாவின் முஜுவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், 62 கிலோ இறுதிப் போட்டியில் ஐவரி கோஸ்டின் ரூத் பாக்பி தங்கம் வென்றார், ஈரானின் கிமியா அலிசாதே வெள்ளி வென்றார். உலகின் தலைசிறந்த இரண்டு இலகு எடை வீராங்கனைகள் ஒரே வளையத்தில் நின்ற நாள் அது. ஆனால் ஒலிம்பிக்கில் இவ்விருவரும் சந்திக்க வாய்ப்பே இல்லாமல் போனது. பாக்பி மேலே ஏறி 67 கிலோவில் ரியோவிலும் டோக்கியோவிலும் வெண்கலம் வென்றார். அலிசாதே கீழே இறங்கி 57 கிலோவில் ரியோவில் வெண்கலம் வென்றார், ஈரானை விட்டு வெளியேறிய பிறகு இப்போது பாரிஸில் பல்கேரியாவுக்காக மீண்டும் வெண்கலம் வென்றிருக்கிறார். ஒரே எடையில் உலக இறுதிப் போட்டி ஆடிய இருவர், பத்து கிலோ இடைவெளி கொண்ட இரண்டு பிரிவுகளில் ஆளுக்கு இரண்டு வெண்கலம் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய சொந்த எடையில் ஒலிம்பிக் இருந்திருந்தால் அந்தப் பதக்கங்களின் நிறம் மாறியிருக்கலாம் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

அலிசாதே 2014இல் நான்ஜிங் இளையோர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது 63 கிலோவில். இரண்டே ஆண்டில், வளரும் வயதில், ஒரு பெண் 63இலிருந்து 57க்கு வந்து ரியோவில் நின்றார். ஈரானியப் பெண் ஒருவர் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அப்போது அவருக்கு வயது 18. அந்தப் பதக்கத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். அந்த ஆறு கிலோவைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

11 ஆகஸ்ட் 2024

துருக்கியின் இரெம் யாமானைக் குறிப்பிடாமல் விடக் கூடாது. 2015இலும் 2019இலும் 62 கிலோ உலகச் சாம்பியன். டோக்கியோவில் துருக்கியின் சார்பில் 57இல் ஹாத்திஜே குப்ரா இல்குனும் 67இல் நூர் தத்தாரும் ஆடினார்கள். ஒரு நாட்டுக்கு ஓர் எடையில் ஒருவருக்குத்தான் இடம் என்பதால், நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கும். இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆனவருக்கே இந்த நிலை.

13 ஆகஸ்ட் 2024

"எல்லோருமே எடை குறைத்துத்தானே வருகிறார்கள், அப்படியானால் எல்லோருக்கும் ஒரே நிலைதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. நான் அனுபவித்ததைச் சொல்கிறேன்.

நான் 62 கிலோவில் ஆடியவள். தேர்வாளர்கள் சொன்னார்கள் என்பதற்காக 57க்கு இறங்கினேன். அந்த அறையை ஒலிம்பிக் ஒளிபரப்பில் காட்ட மாட்டார்கள். போட்டிக்கு முந்தைய நாள், கதவு சாத்திய அறையில், பெண் அதிகாரிகள் முன்னால் உள்ளாடையோடு வரிசையில் நிற்போம்; சில கிராம்கள் இடிக்கிறது என்றால் அதையும் கழற்றிவிட்டு ஏற விதி அனுமதிக்கிறது. முதல் முறை எடை கூடுதலாக இருந்தால், குறித்த நேரத்துக்குள் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு. அந்த இடைவேளையில் வியர்வைச் சட்டையை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்களையும், நீரை விழுங்காமல் வாயைக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டே இருப்பவர்களையும், நனைந்த கூந்தலின் எடைக்குப் பயந்து துண்டால் அழுத்தி அழுத்தித் துடைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தியாக நானும் இருந்திருக்கிறேன். உதடு வெடித்து, எச்சில் பசையாகி, பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும்.

மறுநாள் முதல் ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. பதற்றமே ஆளை நிறுத்தி வைக்கும். இரண்டாவது ஆட்டத்தின் கடைசிச் சுற்றில்தான் தெரியும். எதிராளியின் உதை வருவது கண்ணுக்குத் தெரிகிறது, எதிர்த்து அடிக்க வேண்டிய உதை எதுவென்றும் மனதுக்குத் தெரிகிறது, ஆனால் கால் தரையை விட்டு எழும்புவதற்குள் பலகையில் அவருக்கு இரண்டு புள்ளி ஏறியிருக்கும். இயல்பாகவே 57இல் இருப்பவருக்கு இந்த இடைவெளி இல்லை. எல்லோருக்கும் ஒரே நிலை அல்ல.

14 ஆகஸ்ட் 2024

போட்டி நாளன்று காலையில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து மீண்டும் எடை பார்க்கும் விதி வந்திருக்கிறது. பிரிவின் வரம்பைவிட ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தால் ஆட முடியாது. 57 கிலோவுக்கு அது ஏறத்தாழ 59.8. ஒரே இரவில் நீரும் சோறுமாக நான்கு, ஐந்து கிலோ ஏற்றிக்கொண்டு வருவதைத் தடுக்க இது உதவும். நல்ல விதிதான். ஆனாலும் 62க்காரரின் சிக்கலை அது தீர்க்கவில்லை. முன்பு ஒரு நாள் வறண்டு கிடந்தவர், இப்போது வாரக்கணக்கில் பட்டினி கிடக்கிறார்.

18 ஆகஸ்ட் 2024

கவசத்தைப் பற்றிக் கேள்வி கேட்டவருக்கு இன்னும் முழுதாகப் பதில் சொல்லவில்லை.

மின்னணுக் கவசம் ஒலிம்பிக்கில் 2012 லண்டனில் வந்தது. தலைக்கவசத்திலும் உணரி வந்தது 2016 ரியோவில். அதற்கு முன்பு மூலை நடுவர்களின் கண்ணும் விரலும்தான் புள்ளி. அந்தக் காலத்தில் ஆடியவர்கள் சத்தத்துக்காக அடித்தார்கள். ஹோகு எனப்படும் உடற்கவசத்தில் பட்டென்று எதிரொலிக்கும் உதைக்குத்தான் நடுவரின் விரல் அழுந்தும். அது நியாயமான முறை என்று இன்று யாராவது ஏங்கினால், அந்தச் சத்தம் கேட்காமல் போனதால் தோற்றவர்களையும் நினைத்துப் பார்க்கச் சொல்வேன்.

உணரி வந்தபோது அதுவும் அழுகையோடுதான் வந்தது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில், 49 கிலோவில் சீன தைபேயின் யாங் ஷூ-சுன் 9-0 என்று முன்னிலையில் இருந்தபோது, குதிகாலில் உணரி வைத்த காலுறைக்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வளையத்திலேயே உட்கார்ந்து அழுத அவருடைய முகத்தை அன்று பார்த்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்னணு முறையின் மீதான கசப்பு பலருக்கு அங்கிருந்துதான் தொடங்கியது.

பாதத்தில் உள்ள காலுறையும் கவசமும் போதிய விசையோடு சந்தித்தால் புள்ளி. அந்த விசையின் அளவு எடைப் பிரிவுக்கேற்ப மாறும். குறைந்த எடைக்குக் குறைந்த அளவு போதும். இதனால் இலகு எடைகளில், இடுப்பைச் சுழற்றி முழு உடலையும் செலுத்தி அடிக்க வேண்டிய தேவை குறைந்து, முன்காலைத் தூக்கி வைத்துத் தள்ளுவதும் வெட்டுவதும் தொடுவதுமே லாபமானது. கால் நீளமானவருக்கு அதில் கூடுதல் லாபம். கேள்வி கேட்டவர் சொன்னதில் நான் ஏற்கும் பாதி இதுதான்.

விதி எழுதுபவர்களும் சும்மா இருக்கவில்லை. உடலில் படும் உதைக்கு லண்டனிலும் ரியோவிலும் ஒரு புள்ளி; பிறகு அது இரண்டானது. தலைக்கு மூன்று, சுழன்று உடலில் அடித்தால் நான்கு, சுழன்று தலையில் அடித்தால் ஐந்து. எதிராளியைத் தடுப்பதற்காகக் காலைத் தூக்கிக்கொண்டே நின்றால் கம்ஜம் என்ற தண்டனை, அதாவது எதிராளிக்கு ஒரு புள்ளி. ஒரு சுற்றில் ஐந்து கம்ஜம் வாங்கினால் அந்தச் சுற்றே போய்விடும். இவையெல்லாம் முன்கால் ஆட்டத்துக்கு எதிராகக் கொண்டுவந்தவைதான். பாரிஸில் பல ஆட்டங்களில் கம்ஜமே முடிவைத் தீர்மானித்தது.

19 ஆகஸ்ட் 2024

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. டோக்கியோவில் மூன்று சுற்றுகளின் புள்ளிகளையும் கூட்டினார்கள். அங்கே 57 கிலோ இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் 18 வயது அனஸ்தாசியா ஸோலோடிச், தத்தியானா மினினாவை 25-17 என்று வென்றார். அமெரிக்கப் பெண் ஒருவர் டேக்வாண்டோவில் வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அந்த ஆட்டத்தில் இருவருமே அடித்துக்கொண்டே இருந்தார்கள். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. பாரிஸில் மூன்றில் இரண்டு சுற்று வென்றால் போதும் என்ற முறை. முதல் சுற்றில் பத்துப் புள்ளிகள் வாங்கினாலும் அடுத்த சுற்று சுழியத்திலிருந்து தொடங்கும்.

இந்த முறை எடை குறைத்து வருபவருக்குச் சாதகம் என்று முதலில் நினைத்தேன், ஏனென்றால் மூச்சு வாங்கினால் ஒரு சுற்றைக் கைவிட்டுவிட்டு அடுத்ததில் ஆடலாம். ஒலிம்பிக் ஆட்டங்களைத் திரும்பப் பார்த்த பிறகு அந்த எண்ணம் தளர்ந்துவிட்டது. மூன்றாவது சுற்று வரை போனால் சோர்ந்தவருக்குத் தப்பிக்க இடமில்லை. சுற்று சமநிலையில் முடிந்தால், சுழன்று அடித்த உதைகளால் யார் அதிகப் புள்ளி பெற்றாரோ அவருக்கே சுற்று. வறண்ட உடம்பில் கடைசி பத்து விநாடியில் சுழல்வது எவ்வளவு கடினம் என்பது சுழன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

25 ஆகஸ்ட் 2024

49 கிலோவைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பேசினால் கேள்வி கேட்டவரின் பக்கம் சற்று வலுக்கும், ஆனாலும் பேசத்தான் வேண்டும். தாய்லாந்தின் பனிபாக் வொங்பட்டனகிட் டோக்கியோவிலும் பாரிஸிலும் 49 கிலோ தங்கம் வென்றவர். அந்த எடைக்கு நல்ல உயரம். ஆனால் டோக்கியோ இறுதிப் போட்டியை உயரத்தின் வெற்றி என்று என்னால் சொல்ல முடியாது. ஸ்பெயினின் 17 வயது அட்ரியானா செரெஸோ 10-9 என்று முன்னால் இருந்தார். கடைசி விநாடிகளில் பனிபாக்கின் உதை உடலில் விழுந்து 11-10 ஆனது. அந்த உதையை நான் மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன். செரெஸோ பின்வாங்குவதற்காக எடையைப் பின்காலுக்கு மாற்றும் அந்தக் கணத்தில்தான் பனிபாக் உள்ளே நுழைகிறார். தூரத்திலிருந்து எட்டிப் பிடித்த உதையே அல்ல.

அவருக்கு முன்பு 2008இலும் 2012இலும் அதே எடையில் தங்கம் வென்ற சீனாவின் வூ ஜிங்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தங்கம் கண்ணால் பார்த்துப் புள்ளி போட்ட காலத்தில், இரண்டாவது மின்னணுக் கவசத்தில். கருவி மாறியும் சாம்பியன் மாறவில்லை. கவசமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

7 செப்டம்பர் 2024

கிம் யூ-ஜினைக் குறைத்துப் பேசுகிறேன் என்று சிலர் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. உலகத் தரவரிசையில் 24ஆவது இடத்தில் இருந்தவர், அரையிறுதியில் முதலிடத்தில் இருந்த சீனாவின் லுவோ ஸோங்ஷியை வீழ்த்தினார். அதற்கு முன்பு இல்குனையும் கனடாவின் ஸ்கைலர் பார்க்கையும் வென்றார். வெறும் கால் நீளத்தால் யாரும் ஒரே நாளில் இத்தனை பேரைத் தாண்ட முடியாது. 2000, 2004, 2008 என்று தொடர்ந்து மூன்று முறை 57 கிலோ தங்கம் தென்கொரியாவுக்கே போனது: ஜங் ஜே-ஊன், ஜாங் ஜி-வோன், லிம் சூ-ஜியோங். பிறகு 16 ஆண்டுகள் வறட்சி. அந்த இடைவெளியில் பிரிட்டனின் ஜேட் ஜோன்ஸ் லண்டனிலும் ரியோவிலும் வென்று அந்த எடையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

ஜோன்ஸையும் கியானியையும் அலிசாதேயையும் ஒரே நூலில் கோர்க்கும் ஒரு நாள் உண்டு. 2021 ஜூலை 25, டோக்கியோ. அகதிகள் அணிக்காக ஆடிய அலிசாதே, முதலில் தன் பழைய அணித்தோழி கியானியை வென்றார். அடுத்து, மூன்றாவது தங்கத்துக்காக வந்திருந்த ஜோன்ஸை 16-12 என்று வென்றார். கடைசியில் வெண்கல ஆட்டத்தில் இல்குனிடம் தோற்று வெறுங்கையோடு திரும்பினார். பாரிஸில் கியானி அவரைப் பழிதீர்த்தார். ஆனால் கியானி இறுதிப் போட்டிக்குப் போனதால்தான், அவரிடம் தோற்ற அலிசாதேவுக்கு மறுவாய்ப்புச் சுற்று கிடைத்து வெண்கலமும் கிடைத்தது. தோற்கடித்தவர் முன்னேற வேண்டும் என்று தோற்றவர் வேண்டிக்கொள்ளும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. கியானி வென்றது ஈரானியப் பெண்களின் முதல் ஒலிம்பிக் வெள்ளி.

22 செப்டம்பர் 2024

"என் அக்கா மகளுக்கு 17 வயது, 60 கிலோ. பயிற்சியாளர் 57க்கு இறங்கச் சொல்கிறார். என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

17 வயது என்றால் அவர் இன்னும் ஜூனியர். உலக ஜூனியர் போட்டிகளில் பெண்களுக்குப் பத்துப் பிரிவுகள் உண்டு, அவற்றில் 59உம் 63உம் இருக்கின்றன. அங்கே எதையும் வெட்டாமல் 63இல் ஆடட்டும். ஒலிம்பிக்குக்காக இப்போதே உடலைக் குறுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் அவருடைய அம்மாவிடம் சொல்லுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உடம்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது ஒரு கிலோவோ அதற்கு மேலோ எடை கூடுவது இயல்பு. எடை பார்க்கும் நாள் அந்த நாட்களில் வந்தால், கொழுப்பு ஏறியதாக நினைத்துச் சோற்றை வெட்டுவார்கள். அதைவிடக் கவலைக்குரியது மாதவிலக்கே நின்றுபோவது. எங்கள் காலத்தில் அதைப் பயிற்சி சரியாக நடப்பதற்கான அடையாளம் என்றே சிலர் சொன்னார்கள். செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாததால் எலும்பு, சுரப்பிகள், மனநிலை எல்லாமே பாதிக்கப்படும் நிலை இது என்று பன்னாட்டு ஒலிம்பிக் குழுவே 2014இல் பெயரிட்டு எச்சரித்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு மாதவிலக்கு தவறினால் எடை குறைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போட்டி அடுத்த ஆண்டும் வரும்.

24 செப்டம்பர் 2024

வயது வந்த பிறகு 57ஆ 67ஆ என்று தொடர்ந்து கேட்கிறார். உடல்வாகைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றாலும், என் மனம் 67இன் பக்கம் சாய்கிறது. ஏறுவதற்கு வேண்டியது தசையும் காலமும். இரண்டையும் நல்ல உணவும் பளுப்பயிற்சியும் தரும். பாக்பி அந்த வழியில்தான் நின்றார். நான் இறங்காமல் ஏறியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்று அப்படி ஒரு வழி இருப்பதாகவே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

20 அக்டோபர் 2024

ஏறி ஆடும் பெண், தன்னைவிட உயரமானவரின் முன்காலை எப்படிக் கடப்பது என்பது அடுத்த கேள்வி. இப்போது பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளோடு நான் செய்வதை எழுதுகிறேன்.

உயர்ந்து நிற்கும் காலை நேராகத் தாக்கக் கூடாது. அந்தக் கால் இறங்கும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். தூக்கிய கால் எவ்வளவு நீளமானாலும் எப்போதாவது தரையைத் தொட்டாக வேண்டும். பாதம் தரையில் பதிந்து உடல் எடை அதன்மேல் இறங்கும் அந்த நொடியில் எதிராளியால் மீண்டும் உதைக்கவும் முடியாது, பின்வாங்கவும் முடியாது. அப்போது ஓர் எட்டு உள்ளே வைத்து, முன்கையால் கவசத்தின் நடுவில் குத்தினால் ஒரு புள்ளி கிடைக்கும். புள்ளி விழாவிட்டாலும் எதிராளி அரை அடி பின்னால் சாய்வார். அந்தச் சாய்வுக்குள் பின்காலால் திரும்பி உடலில் அடித்தால் நான்கு. நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டி நின்றுவிட்டால் உயரமானவரின் கால் வளைந்து தலைக்கு வரும், ஆகவே அடித்த உடனே பக்கவாட்டில் விலக வேண்டும். நேராகப் பின்வாங்கினால் அவருக்குப் பிடித்த தூரத்துக்கே நாம் திரும்பிவிடுவோம்.

இதைப் பழக்க, உயரமான பெண்ணை முன்காலைத் தூக்கி இறக்கிக்கொண்டே இருக்கச் சொல்லி, எதிரில் நிற்பவளை உதைக்கவே விடாமல் கால் இறங்கும்போதெல்லாம் "இப்போது" என்று குரல் மட்டும் கொடுக்கச் சொல்வேன். முதலில் எல்லோருமே கால் இறங்கிய பிறகுதான் சொல்வார்கள். முழங்கால் மடங்கத் தொடங்கும்போதே குரல் வரும் நிலைக்கு வந்த பிறகுதான் குத்தைச் சேர்ப்பேன்.